மைனஸ் பதினாறு

கண் டாக்டரின் சீட்டை எமல்டா மூன்றாக மடித்துத்தான் கொடுத்தாள். பவர் எழுதியிருந்த இடம் மட்டும் மேலே தெரியும்படி, கீழ்ப்பகுதி உள்ளே போகும்படி, நகத்தால் அழுத்தி மடித்த மடிப்பு. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து நீட்டி, "லேசாத்தான் மாறியிருக்காம், மதியம் டூட்டிக்குப் போறதுக்குள்ள கிடைச்சா நல்லது, ஒரு மணிக்கு நானே பட்டறைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்றாள். இருபத்தாறு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவனுக்கு நம்பர் போதும், மற்றதைப் படிக்க மாட்டான் என்று என் மனைவி நினைத்திருப்பாள். படிக்காமல் இருந்திருக்கலாம். பாலக்கரைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பிரித்துவிட்டேன். வலது கண் மைனஸ் பதினாறு. இடது கண்ணுக்கு நம்பரே இல்லை, பேலன்ஸ் என்று ஒரு வார்த்தை. அதாவது அந்தக் கண் பார்க்காது, முகத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஏதோ ஒரு லென்ஸைப் போட்டுவிடு என்று அர்த்தம். அது பழைய விஷயம், இடது கண் போய் நாலு வருஷம் ஆகிறது, அதற்கு அழுது முடித்துவிட்டோம். மடிப்புக்குள் இருந்ததுதான் புதிது. வலது கண், கண்ணாடியோடு, ஆறின் கீழ் அறுபது. டாக்டரின் கிறுக்கலில் அதற்கும் கீழே ஒரு வரி, கண்ணாடியால் இதற்கு மேல் பலன் இல்லை. ஆறின் கீழ் அறுபது என்றால் எனக்குத் தெரியும், எந்தக் கண்ணாடிக் கடைக்காரனுக்கும் தெரியும். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையின் உச்சியில் தன்னந்தனியாக ஒரு பெரிய எழுத்து இருக்குமே, அது மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தெரியவில்லை. சீட்டைத் திரும்ப அவள் மடித்த மடிப்பிலேயே மடித்தேன். சரியாக வரவில்லை. காகிதம் ஒரு தடவைதான் அப்படிப் படியும்.

பட்டறையில் மின்விசிறிக்குக் கீழே டிரேக்கள் அடுக்கியிருந்தன, கடைகளிலிருந்து வந்த ஆர்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டும் இரண்டு வட்டப் பிளாஸ்டிக்கும். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு எமல்டாவுக்காகப் போன வருஷம் வரவழைத்ததில் மிச்சமிருந்த ஒரு ஜோடியை அலமாரியிலிருந்து எடுத்தேன். இந்த உயர்ந்த ரகப் பிளாங்க், அதாவது தேய்க்காத லென்ஸ் வட்டு, ஊரில் கிடைக்காது, சொல்லிவைத்தால் பத்து நாள் ஆகும். இந்த இரண்டுதான் இருக்கிறது, கெடுத்தால் வேறு கிடையாது. உள்ளங்கை அளவு, விரல் தடிமன், பணியாரம் மாதிரி. முன்பக்கம் மெருகோடு முடிந்து வரும், பின்பக்கத்தைத்தான் நாம் ஆளுக்குத் தகுந்தபடி தேய்க்க வேண்டும். முன்பக்கத்தில் கீறல் விழாமலிருக்க நீலப் பிளாஸ்டரை ஒட்டி, நடுப்புள்ளி குறித்து, ஈயம் மாதிரி இளகும் உலோகத்தை ஊற்றி ஒரு பிடி ஒட்டவைத்தேன். அது ஆறி இறுக இருபது நிமிஷம். இந்த இருபது நிமிஷம் மற்ற நாளில் டீக்குப் போகிற நேரம். ஃபிட்டிங் பார்க்கிற நிசார் வாசலில் நின்று, "சவரியண்ணே, டீ?" என்றான். "நீ போ" என்றேன். "யாரு லென்ஸு, அண்ணிக்கா?" "ஆமா." "எவ்வளவு ஆயிடுச்சு இப்ப?" "பதினாறு." அவன் உச்சுக்கொட்டிவிட்டுப் போனான். ஒரு காலத்தில் அவள் நம்பர் ஒன்பதரையாக இருந்தது. நான் முதலில் பார்த்தபோது ஒன்பதரை. எமல்டாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் நம்பரைப் பார்த்தவன் நான். கடையிலிருந்து ஒரு ஜோடி லென்ஸ் திரும்பி வந்தது, போட்டால் தரை சாய்கிறதாம் என்று சொன்னார்கள், எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் சொல்வார்கள் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் நர்ஸிங் படிக்கிற பெண் ஒருத்தி சீருடையோடு நேரே பட்டறைக்குள் வந்து, "யாருங்க இதத் தேய்ச்சது? நான் வார்டுல நடந்தா பள்ளத்துல இறங்கற மாதிரி இருக்கு, கையில டிரே வெச்சிருக்கேன்" என்றாள். மீட்டரில் வைத்துப் பார்த்தால் ஆக்சிஸ், லென்ஸ் திரும்பி நிற்க வேண்டிய கோணம், பத்து டிகிரி மாறியிருந்தது. என் தப்பு. அன்றைக்கே வேறு தேய்த்துத் தந்தேன். போட்டுப் பார்த்து, குனிந்து தரையைப் பார்த்து, ஒரு அடி வைத்து, இன்னொரு அடி வைத்து, சிரித்தாள். தப்பு என்னுடையதாக இருந்தபோது எவ்வளவு சுலபமாக இருந்தது. பத்து டிகிரி திருப்பினால் போதுமாக இருந்தது.

உலோகம் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு. கண்ணாடியால் பலன் இல்லை. அப்படியானால் எதால் பலன்? அதை டாக்டர் எழுதவில்லை. அவர் கேட்டிருப்பார், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று. செவ்வாய்க்கிழமை தனியாகத்தான் போனாள், நான் லீவு போடுகிறேன் என்றதற்கு, "எதுக்கு, வழக்கமா பார்க்கறதுதானே" என்று தடுத்துவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இடது கண்ணுக்கு நானும் போயிருந்தேன். அந்த டாக்டர் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். சில பேருக்குக் கண் உருண்டை நீண்டுகொண்டே போகும், பலூனை ஊதுகிற மாதிரி, ஊத ஊதப் பின்சுவர் மெலியும், மெலிந்த இடத்தில் விரிசல், விரிசலில் கசிவு, கசிவு ஆறினால் தழும்பு. தழும்பு நட்டநடுவில் விழுந்தால் எதை நேராகப் பார்க்கிறோமோ அது மறைந்துவிடும், ஓரம் மட்டும் தெரியும் என்றார். அப்போதே எனக்குப் புரிந்தது, லென்ஸ் என்ன செய்கிறது, வெளிச்சத்தைக் கொஞ்சம் விரித்துப் பின்னால் தள்ளிப் பின்சுவரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. சேருகிற இடத்தில் சுவர் நன்றாக இருக்க வேண்டும். நான் தேய்ப்பது எல்லாம் சுவர் வரைக்கும். சுவரில் எனக்கு வேலை இல்லை. ஆனால் அவள் என்னைக் கட்டிக்கொண்டதில் இருந்து, எது தெரியவில்லை என்றாலும், "நீங்க ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறாள், நானும் பண்ணிக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன், பத்து, பதினொன்று, பன்னிரண்டரை, பதினாலு. ஒவ்வொரு தடவையும் போட்டவுடனே நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். இப்போது கொஞ்ச நாளாக என் காதைப் பார்க்கிறாள். பேசும்போது என் காதுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது போல அங்கேயே பார்த்துப் பேசுகிறாள், இரண்டு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன் யாரென்று. முட்டாள் நான்.

பிளாங்கை ஜெனரேட்டர் என்கிற வெட்டு மிஷினில் மாட்டி மூடியை இறக்கினேன். வைரம் பதித்த வெட்டுச் சக்கரம் தொட்டதும் எப்போதும் வரும் அந்த வாசனை வந்தது, இந்த உயர்ந்த ரகப் பிளாஸ்டிக்கை வெட்டினால் கந்தகம் மாதிரி, கூமுட்டை மாதிரி நாறும், நிசார் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போவான். மைனஸ் லென்ஸ் என்றால் நடுவில் குழிக்க வேண்டும். நம்பர் ஏற ஏறக் குழி ஆழம். விரல் தடிமன் இருந்த பண்டம் நடுவில் ஒரு மில்லிமீட்டர் மிஞ்சும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், அதற்கு மேல் ஒரு இழை போனாலும் ஓட்டை. பதினாறுக்கு முழு லென்ஸையும் குழித்தால் ஓரம் செங்கல் தடிமன் வரும், அதனால் நட்டநடுவில் சின்னக் கிண்ணம் மாதிரி மட்டும் குழித்துச் சுற்றிலும் மழிப்போம். அந்தக் கிண்ணத்துக்குள்தான் அவள் பார்க்க வேண்டும். நடுப்புள்ளியை அவளுடைய கருவிழிக்கு நேராக, அரை மில்லிமீட்டர் பிசகாமல் வைத்திருக்கிறேன். நடுவில் தெரியாத கண்ணுக்கு நடுப்புள்ளியை இவ்வளவு சுத்தமாக வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று சக்கரம் ஓடும்போதுதான் தோன்றியது, தோன்றியபோது நிறுத்த முடியாது, ஓடட்டும். ஒரு வருஷமாகவே கண்ணாடியை விரலால் மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெரிய நம்பர்காரர்கள் அப்படிச் செய்வார்கள், லென்ஸ் கண்ணுக்கு ஒட்டி வந்தால் பவர் கொஞ்சம் கூடிய மாதிரி இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஃபிரேம் லூஸாகிவிட்டது என்று சொல்லி மூக்குப் பட்டையை இறுக்கிக் கொடுத்தேன். "இப்ப நிக்குது பாரு" என்றேன். "ஆமாங்க, நிக்குது" என்றாள். சாயங்கால ஜெபத்தில் பைபிளிலிருந்து சங்கீதம் வாசிப்பது அவள்தான், கல்யாணமான நாளிலிருந்து. போன மாதம் ஒருநாள் அவள் வாசித்து முடித்தபிறகு புத்தகத்தை வாங்கினேன், திறந்திருந்த பக்கம் வேறு. அவள் வாசித்தது அந்தப் பக்கத்திலேயே இல்லை. மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள், வரிக்கு வரி விரலை நகர்த்திக்கொண்டு. நான் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன். "நாளைக்கு நீங்க வாசிங்களேன், எனக்குத் தொண்டை சரியில்ல" என்றாள். அன்றிலிருந்து நான் வாசிக்கிறேன். தொண்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.

சாப்பாட்டின்போது சொன்னது. அதைத்தான் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போகிறேன். போன வெள்ளிக்கிழமை, குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "எங்க வார்டுல ஒரு பிள்ள, புதுசா வந்தவ, மருந்த மாத்தி எடுக்கப் பார்த்தா. ரெண்டு ஆம்பூலும் ஒரே சைஸு, எழுத்துதான் வேற. சிரிஞ்சுல ஏத்திட்டா. நல்லவேளை, குழந்தை அழுத அழுகையில அம்மாக்காரி தூக்கிட்டு வெளிய போயிட்டா, அதுக்குள்ள பார்த்துட்டா." "யாரு பார்த்தது?" என்றேன். "அவதான். அவளே." "யாரு அந்தப் பிள்ள?" "உங்களுக்குத் தெரியாது." குழம்புக் கரண்டி தட்டின் விளிம்பில் பட்டு இரண்டு சொட்டு மேசையில் விழுந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை, ஏனென்றால் தெரியவில்லை, நான் துடைத்தேன், அவளுக்குத் தெரியாமல். புத்தூர் பக்கம் அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம். கைக்குழந்தைகளுக்குப் போடுகிற ஊசி, சிரிஞ்சில் சின்னக் கோடு, அந்தக் கோட்டில் பாதிக்கும் பாதி. புதுசா வந்தவள் யாரும் இல்லை அங்கே. மூன்று வருஷமாக யாரையும் எடுக்கவில்லை என்று அவளே புலம்பியிருக்கிறாள். அப்போதே, சோற்றில் கை வைத்தபடியே, எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். ஒரு மனிதன் அந்த நேரத்தில் ரசம் கேட்பானா? கேட்டேன். அவள் சொன்னது எனக்குச் சொல்லத்தான், பிடித்து நிறுத்து என்று சொல்லத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியும் இல்லாமல் இருக்கலாம், வாயில் அடக்க முடியாமல் வேறு யார் தலையிலாவது கட்டி வெளியே கொட்டியிருக்கலாம். வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்டைத் தவிர அவளுக்கு வேறென்ன? எங்கள் ஒரே மகன் ஓசூரில், ஞாயிற்றுக்கிழமை போனில் ஐந்து நிமிஷம். வார்டுக்குப் போகாத நாளில் அவள் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தேன், அந்த வீட்டில் அவளை எந்த நாற்காலியில் உட்கார வைத்தும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெட்டி வந்த லென்ஸ் பால் கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். அதை உப்புத்தாள் ஒட்டிய அச்சில் ஓட்டி, பிறகு மெத்தென்ற துணி ஒட்டிய அச்சில் வெள்ளைக் கரைசல் ஊற்றி மெருகேற்ற வேண்டும். ஏழு நிமிஷம். பாலிஷ் மிஷினுக்கு முன்னால் நின்று கரைசல் பால் மாதிரி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, யாரோ பின்னாலிருந்து சொன்ன மாதிரி. ஏழு நிமிஷத்தை இருபது ஆக்கினால் போதும். கரைசலை நிறுத்திவிட்டு உலர ஓட்டினால் இன்னும் சுலபம், சூட்டில் பொரிந்துவிடும், நடுவில் மெல்லிசாக இருக்கிற இடம் வளைந்துவிடும், அலை அலையாக, யாராலும் போட முடியாது. கெட்டுப்போச்சு எமல்டா, மன்னிச்சுக்கோ, வேற பிளாங்க் வர பத்து நாளாகும், அதுவரைக்கும் லீவு போடு. பத்து நாள். பத்து நாளில் எதுவும் மாறாது, ஆனால் பத்து நாள் எந்தக் குழந்தைக்கும் அவள் ஊசி எடுக்க மாட்டாள். கை கரைசல் குழாயின் திருகுக்குப் போனது. பழைய கண்ணாடி அவள் முகத்தில்தான் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள் என்ற ஞாபகமும் வந்தது. வந்தும் கை எடுபடவில்லை. ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. ஏழு ஆனதும் மணி அடித்தது, மணி அடித்த உடனே, நான் ஒன்றும் முடிவு செய்யாமலே, கை திருகிலிருந்து நழுவிப் போய் ஸ்விட்சை அணைத்து, அச்சைத் தூக்கி, லென்ஸை எடுத்துத் தண்ணீரில் காட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துவிட்டது. இருபத்தாறு வருஷக் கை. அதனிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு அலை இல்லை. இவ்வளவு நல்ல லென்ஸ் இந்த நம்பரில் நான் தேய்த்ததே இல்லை.

பவர் அளக்கிற லென்சோமீட்டரில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பினேன், பச்சைக் கோடுகள் கலங்கி, கலங்கி, பதினாறில் கத்தி மாதிரி வந்து நின்றன. என் கண்ணுக்கு. எனக்குக் கண்ணாடியே கிடையாது, ஐம்பத்திரண்டு வயதிலும் சீட்டின் பொடி எழுத்தை அப்படியே படிக்கிறேன், இதை அவளிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன். லென்ஸைக் கையில் பிடித்து அதற்குள் பட்டறையைப் பார்த்தேன், எல்லாம் எறும்பு மாதிரி சின்னதாக, எங்கேயோ தூரத்தில், நிசார் கட்டைவிரல் உயரத்தில் நின்று எதையோ கேட்கிறான். "அண்ணே, குடுங்க, எட்ஜ் ஓட்டிடறேன்." புது ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரத்தை வெட்டி, விளிம்பைக் கூராக்கி, ஃபிரேமைச் சூட்டில் விரித்து அழுத்தினான். இடது பக்கம் பேலன்ஸ் லென்ஸ், அதையும் இதே அக்கறையோடுதான் தேய்த்திருந்தேன், ஏன் என்று கேட்டால் தெரியாது. பன்னிரண்டே முக்காலுக்குக் கண்ணாடி துணியில் தயாராக இருந்தது. இனி வேலை இல்லை. வேலை இருந்தவரை நேரம் என் கையில் இருந்தது, இப்போது அது வாசல் பக்கம் போய்விட்டது. சொல்லிவிட வேண்டும். வந்ததும் சொல்லிவிட வேண்டும். சீட்டைப் படித்துவிட்டேன் எமல்டா. அவ்வளவுதான், மூன்று வார்த்தை. மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது தடவைக்கு அது வேறு யாரோ யாரிடமோ சொல்வது போல ஆகிவிட்டது.

ஒரு மணி ஐந்துக்கு வந்தாள். வெள்ளைச் சீருடை, தோளில் பை, படியில் காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். "ஆயிடுச்சாங்க?" நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாசலுக்குப் போய், நானே அவள் பழைய கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். காதுக்குப் பின்னால் சரிசெய்தேன். கன்னத்தில் விரல் பட்டது, வெயிலில் நடந்துவந்த சூடு. ஒரு நொடி அவள் ஒன்றுமே செய்யவில்லை, மூச்சுவிடுவதைக்கூட நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள், நானும் காத்திருந்தேன், இருவரும் ஏதோ வரும் என்று. பிறகு என் காதைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். "தெரியுதா?" "நல்லா தெரியுது. பளிச்சுனு இருக்கு." "எமல்டா," என்றேன். "ம்?" "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நேரமாச்சு, வர்றேன்." மூன்று வார்த்தையில் அவள் பெயர் மட்டும்தான் வந்தது. அவள் சந்து முனை திரும்பும்வரை நின்றேன், நேராகத்தான் நடந்தாள், பள்ளம் மேடு எல்லாம் அவளுக்கு ஓரக்கண்ணில் தெரியும், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. உள்ளே வந்து ஏப்ரனையும் தூசிக்குக் கட்டும் தலைத்துணியையும் மாட்டிக்கொண்டேன். அடுத்த டிரேயை எடுத்தேன். வைத்தேன். போனை எடுத்து அவள் வார்டு இன்சார்ஜ் வத்சலா சிஸ்டரை அழைத்தேன். ஏன் அழைக்கிறேன் என்று தெரிந்துதான் அழைத்தேன், காட்டிக்கொடுக்கத்தான். "அண்ணே, சொல்லுங்க, அக்கா கிளம்பிட்டாங்களா?" "கிளம்பிட்டா. சிஸ்டர், ஒரு விஷயம். அவ கண்ணு..." மறுமுனையில் ஒரு குழந்தை அழுகிற சத்தம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள் போலிருக்கிறது, குரல் தாழ்ந்தது. "தெரியும் அண்ணே. நாலு மாசமா தெரியும். அக்கா ஊசி எடுத்தா எங்கள்ல யாராவது ஒருத்தர் பக்கத்துல நிப்போம். அவங்க ஏத்தி வெச்சத அப்படியே எடுத்துட்டுப் போய் வேற ஏத்திப் போட்டுடுவோம். சின்னப் பிள்ளைங்க, என்ன பண்றது சொல்லுங்க. அவங்ககிட்ட சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல. நேத்துகூட அவங்களேதான் சொன்னாங்க, எங்க வீட்டுக்காரர் புதுக் கண்ணாடி பண்ணித் தர்றாரு, அதப் போட்டா சரியாயிடும்னு. சரியாயிடும்ல அண்ணே?" அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். "ஆகாது சிஸ்டர்" என்றேன். இதை வாய்விட்டு யாரிடமாவது சொல்வது இதுதான் முதல் தடவை.

வெளியே ஓடினேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது, பஸ் போயிருக்கும், பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் ஓடினேன். சந்து முனையைத் தாண்டியதும் பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கம்பத்தைப் பிடித்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ரோட்டை ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு. ஒரு டவுன் பஸ் வந்தது, நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள், அவள் அதன் நெற்றியில் இருந்த போர்டைப் பார்த்தாள், நேராக, பிறகு சாய்ந்து, பிறகு இன்னும் சாய்ந்து. பஸ் போய்விட்டது. அது புத்தூர் வண்டி. அவளுடைய வண்டி. நான் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. அடுத்த பஸ் எதிரே இருந்த பாலத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், கொஞ்சம் சொல்றீங்களா, வர்றது எந்த வண்டி?" என்றாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற முன்பின் தெரியாத தகப்பன்மாரிடம் பேசுவாளே, அந்தக் குரல், அந்த மரியாதை. ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். நான் தேய்த்த லென்ஸ் வெயிலில் சுத்தமாக மின்னுகிறது, கிண்ணத்தின் அடியில் அவள் கண் புள்ளி மாதிரி சின்னதாக, எனக்கு நேராக இருக்கிறது. வாயைத் திறந்தால் என் குரல் அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் என்னைத் தெரியாமல் கேட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டதும் அவளுக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் கையை நீட்டி எந்த வண்டியிலாவது ஏறிவிடுவாள். கண்டக்டர் பின்பக்கம் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான், அவனாவது ஊர்ப்பெயரைக் கத்த மாட்டானா என்று பார்த்தேன், கத்தவில்லை. பஸ் வந்து நின்றுவிட்டது. "சார்?" என்றாள் மறுபடியும்.

"ஜங்ஷன்" என்றேன். அவள் முகம் உடனே மாறவில்லை. பஸ் கிளம்பிப் போய், அதன் புகை போய், அதற்கும் பிறகுதான், "ஏப்ரனோடயே வந்துட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" "இப்பதான்." "நாலு வண்டி போயிடுச்சு. எல்லாம் ஒரே கலரா விட்டுட்டானுங்க." கம்பத்திலிருந்து கையை எடுத்துப் பையைச் சரிசெய்தாள். "எமல்டா, வத்சலா சிஸ்டருக்குப் போன் பண்ணினேன்." "ம்." "அவங்க..." "தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" "சத்தம் கேக்கும்ல. நான் இங்க ஒரு ஆம்பூல உடைப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கம் இன்னொண்ணு உடையும். ஒரே மருந்துக்கு ரெண்டு தடவ எதுக்கு உடையுது? பாவம், மெதுவா, துணிக்குள்ள வெச்சு உடைப்பாங்க." அழவில்லை. சீருடையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். ஆட்டோ பிடிக்கட்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "மதிய டூட்டி மருந்து அலமாரிச் சாவி எங்கிட்ட இருக்கு. அத வெச்சுக்கிட்டு நின்னுட்டா அவங்களுக்கு வேலை ஓடாது. போய்க் குடுத்துட்டு வந்துடலாம். நீங்க கூட வாங்க. பேசறதெல்லாம் நானே பேசிக்கறேன், நீங்க சும்மா நில்லுங்க." சும்மா நிற்பதைத் தவிர என்னிடம் வேறெதுவும் மிச்சமில்லை. தலைத்துணியை அவிழ்த்துச் சுருட்டி ஏப்ரன் பையில் வைத்தேன். பாலத்தின் மேலே ஒரு வண்டி தெரிந்தது. "திருவெறும்பூர்" என்றேன். அடுத்து ஒன்று. "சத்திரம்." பிறகு நிற்காமல் ஒன்று போனது, அதையும் படித்தேன், "மணப்பாறை." இது நம் வண்டி இல்லையே, இதை ஏன் படிக்கிறேன் என்று தோன்றி நிறுத்தினேன். கம்பத்தைவிட்டு நகர்ந்து வந்து என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். "பரவால்ல," என்றாள், "படிங்க."